வளைவுக்காரி சின்னத்தாய்

ஆற்று வளைவில் குடியிருப்பவர்களிடம் ஆடி மாதத்தில் போய், எப்போது காலி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், தை பிறக்கட்டும் என்பார்கள். தை மாதத்தில் போய் அதையே கேட்டால், எதற்குக் காலி செய்ய வேண்டும் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். நான் எதிர்க்கரையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்குவது என் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது. அவர்களில் ஒருத்தி மட்டும் கொட்டுகிற ஆனி மழையில் கிளம்பி வந்தாள். அவள் பெயர் சின்னத்தாய். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஆற்றுக்கு ஒழுங்காக ஒரு பெயர் கிடையாது. மலை உச்சியில், சோலைக்குள் இருக்கும் ஒரு சதுப்பில் அது கசியத் தொடங்குகிறது. அங்கே தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் ஆட்கள் அதை ஓடை என்கிறார்கள். தேயிலைக்குள் இறங்கி பாக்டரியைத் தாண்டும்போது அது பாக்டரித் தோடு ஆகிவிடுகிறது, தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. அதற்குப் பிறகு ஒரு பாறையிலிருந்து தலைகுப்புற விழுந்து, ஏலக்காட்டு நிழலுக்குள் நுழைந்து, கல்லில் முட்டி முட்டி இறங்குகிறது. ஏலக்காடு முடிகிற இடத்தில் ஒரு குன்று குறுக்கே நிற்கிறது. நேராகப் போக வழி இல்லாததால் ஆறு அந்தக் குன்றை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போய், பள்ளத்தில் இறங்கி, அணைக்கட்டுத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. அங்கே இருக்கும் மலையாளிகளுக்கு அது புழை. ஆறு எப்படியாவது ஓடித் தப்பித்துவிடும், மனுஷர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதுவும் கடைசியில் அணைக்குள்தான் அடைபடுகிறது.

குறுக்கே நிற்கும் அந்தக் குன்றுதான் வளைவு. மூன்று பக்கம் ஆறு, நாலாவது பக்கம் செங்குத்துப் பாறை, பாறைக்கு மேலே யானைக்காடு. அதில் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள் மிளகும் ஏலமும் காப்பியும் போட்டுக்கொண்டு இருக்கின்றன. மார்கழி கழிந்தால் ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றிவிடும். கல்லுக்குக் கல் கால் வைத்தால் செருப்புக்கூட நனையாது. வைகாசி கடைசியில் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் அதே ஆறு ஆள் உயரத்துக்குச் சிவப்பாகப் புரண்டு வரும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வளைவில் மழை பெய்ய வேண்டும் என்றே இல்லை. மேல் டிவிஷனில் மழை பிடித்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் உலை சோறு வெந்து இறங்குவதற்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் வளைவில் எல்லாருக்கும் மேல் டிவிஷனில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். மழை வந்தால் போன் பண்ணிச் சொல்வது அவர் கடமை.

சின்னத்தாய்க்கு அந்தச் சொந்தம் கூடப்பிறந்த தங்கை சிவசங்கரி. அக்காளும் தங்கையும் மேல் டிவிஷனில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். வளைவில் இருந்த சங்கையாவுக்குப் பெண் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனது ஒரு மாசியில். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வந்தது பங்குனியில். கல்யாணம் சித்திரையில். ஒருவர் கண்ணிலும் ஆறு படவில்லை. கல் மேல் ஏறிச் சிரித்துக்கொண்டே தாண்டி வந்து, நல்ல மண், நல்ல மிளகு, நல்ல பையன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பையன் நல்லவன்தான், அதில் பொய் இல்லை.

அந்த ஆடியில் மகளைச் சீர் வைத்து அழைத்துப் போக அவளுடைய அப்பா வந்தார். அப்போது பாலம் என்று இருந்தது பிளந்த கமுகு மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு ஆனியிலும் ஆறு அதைத் தூக்கிக்கொண்டு போகும், தையில் புதிதாகக் கட்டுவார்கள். அப்பா இந்தக் கரையில் புடவைப் பையோடு நின்றார். மகள் அந்தக் கரையில் நின்றாள். தண்ணீர் இரைச்சலில் இரண்டு பேருக்கும் மற்றவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. அவர் பையை ஜின்சனின் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜின்சன் கரையோரத்து நிலத்துக்காரன், அன்றிலிருந்து இன்றுவரை வளைவுக்காரர்களின் தபால்பெட்டி அவன் வீடுதான்.

அன்று சின்னத்தாய் புருஷனிடம், தை பிறந்ததும் அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்றாள். சங்கையாவும் சரி என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் தையும் பிறந்தது, வழியும் பிறந்தது. காலையில் கிளம்பி அம்மா வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வர முடிந்தது. மிளகு பறிக்கிற நேரம் வேறு. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் கரைக்கு எதற்காக மூட்டை கட்ட வேண்டும் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

மகன் அருண்பாண்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதும் இதே கதைதான். மழைக்காலம் முழுக்கப் பையன் வீட்டில் உட்கார்ந்திருந்தான், வாத்தியார் பேரை வெட்டிவிடுவேன் என்றார், அவள் அழுதாள், தை வந்தது, பையன் கல்லுக்குக் கல் தாவிப் பள்ளிக்கூடம் போனான், அவள் மறந்தாள். பாலம் கேட்டு வளைவுக்காரர்கள் மனுக் கொடுக்காத இடம் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெயில் காலத்தில் வந்தார்கள். வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் ஆற்றைத் தாண்டி வந்து, இதற்கா பாலம் என்று கேட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பெருவெள்ளம் வந்த வருஷம் குன்றின் ஓர் ஓரம் சரிந்து ஆற்றுக்குள் போனது. எல்லாரும் உச்சியில் ஒரே வீட்டில் அடைந்து கிடந்து, இந்தத் தடவை ஒருவர்கூட இங்கே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். சாமி மேல் சத்தியம்கூடச் செய்ததாகக் கேள்வி. தையில் காப்பி பூத்தது. சத்தியம் பண்ணியவர்கள் தேனீ வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்கள். சங்கையா மட்டும் ஒன்று செய்தார். இரண்டு கரை மரங்களுக்கும் இடையே கம்பி வடம் இழுத்து, கப்பி மாட்டி, ஓர் ஆள் உட்காரும் இரும்புப் பெட்டியைத் தொங்கவிட்டார். கயிற்றை இழுத்தால் பெட்டி வரும். வளைவுக்காரர்கள் அதைத் தொட்டில் என்றார்கள், சங்கையாவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்குச் சின்னத்தாய் மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"இதப் போட்டுட்டீங்கல்ல, இனி நாம இந்த எடத்த விட்டுப் போன மாதிரிதான்" என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டிலுக்குச் சங்கையா ஒரு சட்டம் போட்டிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க முடிந்தவர்தான் ஏறலாம். குடிகாரனுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அனுமதி இல்லை. அந்தச் சட்டம் கடைசியில் அவரையே பிடித்தது. போன வருஷம் ஆனியில், ஆறு நிரம்பி ஓடிக்கொண்டிருந்தபோது, அவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணியது. சுகாதார நர்ஸ் ஒரு பெண் தைரியமாகத் தொட்டிலில் வந்து பார்த்து மாத்திரை கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினமும் பயிற்சி கொடுத்தால் நடக்கலாம், கிடையில் போட்டால் கிடையாகவே கிடப்பார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அருண்பாண்டி அப்போது ஆனைக்கரையில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உடனே என் ஜீப் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அம்மாவையும் அப்பாவையும் வந்துவிடச் சொன்னான். சங்கையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வளைவுக்குப் பெரிய மனுஷன் பாண்டீஸ்வரன் வந்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு கையை வைத்துக்கொண்டு இந்த வெள்ளத்தில் தொட்டிலில் ஏற்றுவது கொலைக்குச் சமம், தை வரை மாத்திரையில் ஓட்டலாம், தையில் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஆடாமல் அசையாமல் போகலாம் என்றார். சொன்னது எல்லாம் நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"தை பொறந்தா நான் போக மாட்டேண்ணே" என்றாள் சின்னத்தாய். "என்னய எனக்குத் தெரியும். தண்ணி வத்திச்சுன்னா எம் மனசு மாறிரும். இருவத்தஞ்சு வருசமா மாறிக்கிட்டுத்தான இருக்கு. பயமா இருக்கும்போதே போனாத்தான் போவேன். இன்னைக்கே தூக்குங்க."

பாண்டீஸ்வரன் ஆள் கூப்பிட்டார். நாலு பேர் சேர்ந்து சங்கையாவைத் தூக்கித் தொட்டிலில் வைத்தார்கள். சின்னத்தாய் தன் புடவை ஒன்றை எடுத்து அவர் இடுப்பையும் நெஞ்சையும் கம்பியோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். இந்தக் கரையில் நானும் ஜின்சனும் கயிற்றை இழுத்தோம். சங்கையா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோணிய வாயால் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதும். அவர் வந்து சேர்ந்த பிறகு அவள் வந்தாள். வந்து இறங்கியதும் தரையில் உட்கார்ந்து, வளைவைத் திரும்பிப் பார்க்காமல் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் சின்னத்தாய் வாழ்ந்த மாதங்கள் என்று சொல்வேன். கட்டப்பனையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புருஷனைக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்தாள். மற்ற நாட்களில் என் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போனாள். மழை கொட்டுகிற ஆடியில், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, பிறந்த லயத்துக்குப் போய்த் தங்கையோடு இருந்துவிட்டு வந்தாள். கூப்பிட வந்த அப்பா இப்போது இல்லை. ஆனாலும் ஆடியில் போனோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போகும்போது வானத்தைப் பார்க்காமல் போவது எவ்வளவு சுகம் என்று ஜீப்பில் ஒருநாள் சொன்னாள். ஐப்பசியில் சங்கையா சுவரைப் பிடித்து நின்றார். மார்கழியில் கம்பு ஊன்றி நடந்தார். மகன் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்.

தையில் அவர் கம்பை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

பாண்டீஸ்வரன் எனக்குப் போன் பண்ணி, சங்கையா தன் பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றார். நான் போய்ச் சொன்னதும் சின்னத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு கரைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். அதற்குள் அவரும் அந்தக் கரைக்கு இறங்கி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் கணுக்கால் தண்ணீர். குஞ்சு மீன்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் வலது கையைத் தூக்கி, வா என்று கூப்பிட்டார். முதல் கல்லுக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். வெள்ளத்தில் புருஷனைப் புடவையால் கட்டி அனுப்பியவள், கணுக்கால் தண்ணீரைப் பார்த்து நடுங்கினாள்.

"ஒரு கல்லு வச்சேன்னா போதும், வீடு வரைக்கும் போயிருவேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்து, சோறு இங்கேதான் இருக்கிறது என்று கத்தினாள்.

அன்றைக்கு அவர் வரவில்லை. பாண்டீஸ்வரன் வீட்டில் சாப்பிட்டார். மறுநாள் மத்தியானம் கம்பை ஊன்றி, கல்லுக்குக் கல் நின்று நின்று வந்தார். சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தினமும் அதுவே வழக்கமானது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சியைவிட இது நல்ல பயிற்சி என்று ஜின்சன் கேலி பண்ணினான். ஊர் வேறு மாதிரிப் பேசியது. கை கால் விழுந்தவனைத் தனியாக விட்டுவிட்டு இவள் இந்தப் பக்கம் குடித்தனம் நடத்துகிறாள் என்றது. அருண்பாண்டியே, வெயில் காலம்தானே, அப்பாவோடு கொஞ்ச நாள் போய் இரும்மா என்றான். அவள் வெயில் காலத்தில்தான் போகக் கூடாது என்றாள். அவனுக்கு அது புரியவில்லை.

ஆனால் மழை வந்தால் என்ன செய்வது என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. மழை தொடங்குகிற நாளில் அவர் அந்தக் கரையில் இருந்தால், அவராகத் தொட்டிலில் ஏறி வர முடியாது. கட்டி அனுப்பலாம் என்றால் அவர் கட்டுக்கு உட்காரப்போவதும் இல்லை. ஒற்றைக் கையோடு அவரை வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு அவளாலும் இருக்க முடியாது. அவள் தொட்டிலில் ஏறிப் போய்விடுவாள். போனால் அவ்வளவுதான். அவள் மனசு மாற ஒரு தை போதும். சங்கையாவுக்கும் இது எல்லாம் தெரியும். அதனால்தான் அவர் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார், மழைக்காகக் காத்திருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவளிடம் அதைச் சொன்னேன். அவர் அப்பா வெட்டித் திருத்திய மண் அது, அவருக்கு வேறு இடத்தில் தூக்கம் வரவில்லை, என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று எனக்கே பாடம் எடுத்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் தலையைக் கொடுத்தால் இப்படித்தான்.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம். நல்ல வெயில். ஜீப்பின் டயரைக் கழற்றிவிட்டு அவர்கள் வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக் கற்கள் நேராகத் தெரியும். சங்கையா கம்பைச் சாய்த்துவைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சின்னத்தாய் சோறு போட்டுக் குழம்பு ஊற்றியபோது போன் அடித்தது. வெளியே வந்து பேசினாள். சிவசங்கரியின் குரல் எனக்கே கேட்டது. "அக்கா, இங்க மழை பிடிச்சிருச்சு. எதிர்த்த லயமே தெரியல." அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உள்ளே சங்கையாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் சாவகாசமாகச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஆறு வந்துவிடும், அவர் இந்தக் கரையில் நின்றுவிடுவார், அவள் பிழைத்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் என்னை முறைத்தாள். நான் ஏதோ திருடச் சொன்னதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள்.

"மேல் டிவிசன்ல மழை பிடிச்சிருச்சாம். போறதுன்னா இப்பவே எந்திரிங்க. கல்லு முழுகுறதுக்குள்ள தாண்டிரலாம். நான் சொல்லாம ஒங்கள நிப்பாட்டுனேன்னு இருக்கக் கூடாது. நீங்க போனா நானும் பின்னால வருவேன், அதையும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். இருபத்தைந்து வருஷம் அடைந்து கிடந்தவள், இன்னொருவரை அடைத்துவைக்க மனசு வராமல், தன் கதவைத் தானே திறந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முட்டாள்தனம் என்று அப்போது நினைத்தேன். அழுகையும் வந்தது.

சங்கையா கையைச் சோற்றிலிருந்து எடுத்தார். வாசல் வழியாக ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கற்கள் எல்லாம் வெயிலில் காய்ந்து கிடந்தன. அந்தக் கரையில் அவர் வீட்டின் ஓடு தெரிந்தது. கம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"கதவச் சாத்தாம வந்துட்டேன்" என்றார்.

அவள் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

அவர் இலையில் சோற்றைக் குழித்து, "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

அவள் ஊற்றினாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. அவர் அதை வலது கையால் அணைகட்டி நிறுத்தினார். பிறகு மோர் கேட்டார், அதற்குப் பிறகு இன்னொரு தடவை மோர் கேட்டார். அவர் கை கழுவ எழுந்தபோது ஆற்றில் ஒரு கல்கூட வெளியே தெரியவில்லை.